அடுத்தவர் சரக்கு, நம் கணக்கு

1998-ஆம் ஆண்டு ஜூலை 6. ஹாங்காங்கின் புதிய விமான நிலையம் செக் லாப் கொக்கில் திறக்கப்பட்ட நாள். சரக்குக்கென்று அங்கே ‘சூப்பர் டெர்மினல் 1’ என்ற பிரம்மாண்டமான கிடங்கைக் கட்டியிருந்தார்கள். ஆண்டுக்கு 26 லட்சம் டன் சரக்கைக் கையாளும் திறன் கொண்டது. பெட்டியை அடுக்கில் ஏற்றுவதும் இறக்குவதும் இயந்திரம். எந்தப் பெட்டி எந்த அடுக்கில் என்று நினைவில் வைத்திருப்பது கணினி. திறந்த ஓரிரு நாளிலேயே அந்த நினைவு குழம்பிப் போனது. பெட்டிகள் எல்லாம் உள்ளேதான் இருந்தன. எது எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. பெரும்பாலான சரக்கை வாங்குவதையே நிறுத்திவிட்டு, மூடப்பட்ட காய் தாக் விமான நிலையத்தின் பழைய கிடங்குக்கே வேலையைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் இறுதியில்தான் நிலைமை சீரானது. அவசரமாகத் திறந்தது, போதிய சோதனை செய்யாதது என்று பின்னால் வந்த விசாரணையில் எல்லாம் வெளியே வந்தது.

அதற்குச் சில நாள் முன்னால், ஜூன் இறுதியில்தான் நம் சிப்பாங்கில் கேஎல்ஐஏ திறந்தது. அங்கேயும் முதல் நாட்களில் கணினி தடுமாறி, பயணிகள் பெட்டிக்காக வெகுநேரம் காத்துக் கிடந்தார்கள். மூத்த வாசகர்கள் சிலருக்கு இது ஞாபகம் இருக்கும்.

கிடங்கு மென்பொருள் என்பதெல்லாம் இப்படிப்பட்ட பெரிய இடத்துக் கவலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் தாய்மாமா கூப்பிடும் வரை.

மாமாவுக்கு வீடு சிரம்பான் தெமியாங்கில். கிடங்கு செனவாங்கில். தாத்தா லாபு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்வெட்டு வேலை செய்தவர். அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. மாமா ஒரு பழைய லோரியோடு தொடங்கி, வாடகைக்கு ஓட்டி, பிறகு “ஏற்றி இறக்குற இடத்திலேயே ஒரு வாரம் வெச்சிருங்களேன்” என்று ஒரு வியாபாரி கேட்டதில் கிடங்குக்காரராகிவிட்டார். இப்போது ஒன்பது வாடிக்கையாளர்கள், இருபத்திரண்டு ஆட்கள். பிஸ்கட் இறக்குமதி செய்கிறவர், தலை எண்ணெய் விற்கிறவர், கார் உதிரிப்பாகக்காரர், ஷோப்பியில் மட்டுமே கடை வைத்திருக்கும் ஓர் இளம் தம்பதி என்று எல்லாம் கலந்த கூட்டம்.

“நீதான் மீடியா படிச்சவளாச்சே. கம்ப்யூட்டர்காரங்க நாலு பேரு வர்றாங்க. வந்து பக்கத்துல உக்காரு. யாரு உண்மை பேசறாங்கன்னு எனக்குச் சொல்லு” என்றார். மீடியா படிப்புக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கேட்டுவிட்டேனே தவிர, சம்பந்தம் உண்டு. பத்து ஆண்டுகளாக வானொலியில் விளம்பரம் வாசிக்கிறேன். எழுதிக் கொடுத்ததைப் பேசுகிறவர் யார், தெரிந்ததைப் பேசுகிறவர் யார் என்று குரலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மாமா செய்யும் தொழிலுக்கு ‘மூன்றாம் தரப்புத் தளவாடம்’ என்று நம் செய்திகளில் எழுதுகிறோம். தொழிலில் இருப்பவர்கள் ‘3பிஎல்’ என்பார்கள். பொருளைச் செய்தவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர், நடுவில் வாங்கி வைத்து, எண்ணி, பிரித்து, ஒட்டி, அனுப்பிவைக்கிறவர் மூன்றாமவர். தமிழர்களுக்கு இது புதிய தொழில் இல்லை. ஆங்கிலேயர் சொன்ன ‘கோடவுன்’, மலாய்க்காரர் சொல்லும் ‘குடாங்’ இரண்டுக்கும் மூலம் நம்முடைய ‘கிடங்கு’தான் என்று ஒரு கருத்தே உண்டு. சொல்லைக் கொடுத்த அளவுக்குத் தொழிலையும் பிடித்திருக்கலாம் என்று மாமா அடிக்கடி சொல்லிச் சிரிப்பார்.

நெகிரி செம்பிலான் இந்தத் தொழிலுக்கு வாய்ப்பான இடம். கேஎல்ஐஏ பக்கத்தில். என்ஸ்டெக்கில் கொக்கோ கோலா, கெல்லாக்ஸ், அஜினோமோட்டோ ஆலைகள் இருக்கின்றன. செனவாங், துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டைகளில் மின்னணு ஆலைகள். நெடுஞ்சாலையில் ஏறினால் கிள்ளான் துறைமுகம். 2023-இல் மட்டும் அங்கே 20 அடிக் கொள்கலன் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் கையாளப்பட்டது. அந்தக் கடலில் ஒரு கைப்பிடி நம் பக்கம் வந்தாலே கிடங்கு நிறைந்துவிடும்.

நிறைந்ததில்தான் பிரச்சினையே ஆரம்பித்தது. மாமாவின் கணக்கு எக்செல் தாளில் இருந்தது. அதையும் தாண்டி, ‘பெரியண்ணன்’ என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது. அவருக்கு வயது அறுபத்தொன்று. எந்தப் பெல்லட் எந்த மூலையில், எந்தப் பெட்டி நனைந்தது, எந்த வாடிக்கையாளர் பெட்டியை எண்ணாமல் அனுப்புவார் என்று அத்தனையும் அவருக்குத் தெரியும். போன ஆண்டு நெஞ்சுவலி என்று ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். அந்த ஒன்பது நாளும் அங்கே ஆட்கள் பொருளைத் தேடினார்களே தவிர வேலை செய்யவில்லை. அதே சமயத்தில் பிஸ்கட்காரர் வந்து, முப்பத்தெட்டு அட்டைப்பெட்டி குறைகிறது என்றார். ஒப்பந்தப்படி குறைந்த சரக்குக்குக் கிடங்குக்காரர்தான் பணம் கட்ட வேண்டும். மாமா கட்டினார். எட்டு மாதம் கழித்து, தலை எண்ணெய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் அந்த முப்பத்தெட்டும் காலாவதியாகிக் கிடந்தன.

சொந்தக் கடையின் ஸ்டோருக்கும் 3பிஎல் கிடங்குக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். சொந்தச் சரக்கு மூலையில் கிடைத்தால் சந்தோஷம். அடுத்தவர் சரக்கு மூலையில் கிடைத்தால் அவமானம்.

எல்லாப் பொருளிலும்தான் பட்டைக்கோடு இருக்கிறதே, ஸ்கேன் செய்தால் போதாதா என்று நான் கேட்டேன். 1974 ஜூன் 26-ஆம் தேதி அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஒரு பேரங்காடியில் ரிக்லி சூயிங்கம் பொட்டலம் ஒன்று ஸ்கேன் செய்யப்பட்டதிலிருந்து உலகம் அந்தக் கோட்டை நம்பித்தான் ஓடுகிறது. நம் நாட்டில் பதிவான எண்கள் 955 என்று தொடங்கும். வீட்டில் இருக்கும் மைலோ டின்னைத் திருப்பிப் பாருங்கள். ஆனால் அந்த எண் ‘இது இன்ன பிஸ்கட்’ என்று மட்டும்தான் சொல்லும். எந்தத் தொகுதி, எப்போது காலாவதி, மிக முக்கியமாக யாருடைய பிஸ்கட் என்று சொல்லாது. ஒரே பிஸ்கட்டை இரண்டு வாடிக்கையாளர்கள் விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு ஒன்றுதான், சொந்தக்காரர் இரண்டு பேர். இவருடையதை எடுத்து அவருடைய ஆர்டருக்கு அனுப்பினால் எண்ணிக்கை சரியாக இருப்பதுபோலத் தெரியும், நம்பிக்கைதான் போய்விடும். அதனால் உள்ளே வரும் ஒவ்வொரு பெல்லட்டுக்கும் கிடங்கே தனி அடையாளச் சீட்டு ஒட்ட வேண்டும். அந்தச் சீட்டு, அது நிற்கும் இடத்தின் சீட்டு, இரண்டையும் ஒன்றாக ஸ்கேன் செய்ய வேண்டும். கிடங்கு மென்பொருளின் இதயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன்மேல் போட்ட நகை.

நாலு நிறுவனங்களும் நகையைத்தான் முதலில் காட்டின.

வண்ண வண்ணப் பலகைகள், சுழலும் வட்டங்கள், செயற்கை நுண்ணறிவு. ஒருவர் ஐந்து நிமிடத்தில் ‘தீர்வு’ என்ற சொல்லைப் பதினொரு முறை சொன்னார். எண்ணினேன், தொழில் பழக்கம். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி போட்டார். “ஒரு வாடிக்கையாளருக்கு மாதக் கடைசியில பில் எப்படி வரும், அதைக் காட்டுங்க.” இரண்டு பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஏனென்றால் அவர்கள் விற்க வந்தது சொந்தச் சரக்கு வைத்திருக்கும் ஆலைக்கான மென்பொருள். அதற்குச் சரக்குக் கணக்கு தெரியும். கூலிக் கணக்கு தெரியாது.

3பிஎல் கிடங்கு விற்பது இடத்தையும் உழைப்பையும். பெல்லட் ஒன்றுக்கு வாரம் இவ்வளவு, உள்ளே ஏற்ற இவ்வளவு, வெளியே இறக்க இவ்வளவு, பெட்டியைப் பிரித்து எடுத்தால் தனி, மலாய் மொழிச் சீட்டு ஒட்டினால் தனி, சுருங்கு பிளாஸ்டிக் சுற்றினால் தனி, திரும்பி வந்த பொருளைச் சோதித்தால் தனி. ஒன்பது வாடிக்கையாளருக்கு ஒன்பது விதமான விலை. ஒருவருக்கு மாதத்தில் முதல் ஏழு நாள் இலவசம் என்று எப்போதோ வாயால் ஒப்புக்கொண்டது வேறு. இவையெல்லாம் ஆள் ஸ்கேன் செய்யும்போதே பில்லில் ஏறிக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் மாமியும் மகனும் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதிய பில்லில் எத்தனை உழைப்பு விடுபட்டிருக்கும்? சீட்டு ஒட்டிய கூலி ஒரு வாடிக்கையாளர் பில்லில் பல மாதமாக ஏறவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

வரியும் சேர்ந்துகொண்டது. 2024 மார்ச் 1 முதல் தளவாடச் சேவைகளுக்கும் 6 விழுக்காடு சேவை வரி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி 10 கோடி வெள்ளிக்கு மேல் வருமானம் உள்ள நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. 2025 ஜனவரியில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு, ஜூலையில் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு என்று வரம்பு இறங்கிக்கொண்டே வந்தது. பில்லை வருமான வரி வாரியத்தின் முறைக்கு அனுப்பும் வசதி மென்பொருளில் இருக்கிறதா, அல்லது கணக்கு மென்பொருளோடு அது பேசுமா என்று கேட்காமல் இனி கையெழுத்துப் போட முடியாது. “வரும், அடுத்த வெளியீட்டில் வரும்” என்ற பதில் கிடைத்தால், வராது என்று எடுத்துக்கொள்வது நல்லது.

உணவுப் பொருள் வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலில் வந்தது முதலில் போவது பழைய விதி. பிஸ்கட்டுக்கு அது போதாது. முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும். நேற்று வந்த கொள்கலனில் இருப்பது போன மாதம் வந்ததைவிடப் பழைய தொகுதியாக இருக்கலாம். அடுத்தது ஹலால். கிடங்குக்கென்றே எம்எஸ் 2400 தர நிர்ணயத்தில் ஒரு பகுதி இருக்கிறது. ஹலால் பொருளும் அல்லாததும் கலக்காமல் இருப்பதைப் பதிவோடு காட்ட வேண்டும். மென்பொருள் அந்த அடுக்குக்கு அந்தப் பெல்லட்டை ஏற்றவே விடாமல் தடுத்தால்தான் அது பதிவு. ஏற்றியபின் சிவப்பு விளக்குக் காட்டுவதில் என்ன பயன்?

பெரியண்ணனின் கேள்வி

மூன்றாவது நிறுவனம் வந்த நாளில் மாமா பெரியண்ணனையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார். அவர் கதவோரமாகவே உட்கார்ந்திருந்தார். விற்க வந்த தம்பி, ஒவ்வோர் ஆளும் மணிக்கு எத்தனை பெட்டி எடுக்கிறார் என்று முதலாளி கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம் என்று உற்சாகமாகக் காட்டினான். பெயர், பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு.

பெரியண்ணன் கை தூக்கினார். “தம்பி, முதலாளி பாக்கலாம் சரி. என் பேருல அதுல என்னா எழுதியிருக்குன்னு நான் பாக்க முடியுமா?”

தம்பிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பெரியண்ணன் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தில் பால் நிறுக்கிற வேளை எப்படி என்று பாட்டி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் இருந்து வெட்டி, எடுத்து, காண்டாவில் சுமந்து வந்து வரிசையில் நிற்பார்கள். கிராணி நிறுப்பார். பாலில் கொஞ்சம் எடுத்து, உலர்ந்தால் எவ்வளவு ரப்பர் தேறும் என்று பார்ப்பார். நோட்டில் எழுதுவார். அந்த நோட்டு கிராணியுடையது. சம்பள நாளில்தான் அதில் இருந்த எண் தெரியும். தண்ணீர் கலந்திருக்கிறது என்று குறைத்து எழுதினாலும், பக்கத்து நிறைக்காரர் கணக்கில் மாறி ஏறினாலும், அன்றைக்கே பார்க்க வழியில்லாததால் கேட்கவும் வழியில்லை. எல்லாக் கிராணியும் அப்படி என்று சொல்லவில்லை; நேர்மையானவர்களைப் பற்றியும் பாட்டி சொல்வார். ஆனால் நேர்மை ஆளைப் பொறுத்து இருந்தது, நோட்டைப் பொறுத்து இல்லை.

பெரியண்ணன் கேட்டது அந்த நோட்டைத்தான். இப்போது நோட்டு கண்ணாடித் திரையாகியிருக்கிறது.

இது ஒரு வயதானவரின் பழைய மனக்குறை மட்டும் அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2022 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. பெரிய கிடங்குகள் தொழிலாளியிடம் எதிர்பார்க்கும் வேக இலக்கை எழுத்தில் கொடுக்க வேண்டும். தன்னுடைய வேகப் பதிவைத் தொழிலாளி கேட்டால் காட்ட வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் 2024-இல் அமேசானின் இரண்டு கிடங்குகளுக்குச் சேர்த்து 59 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். கதவோரத்தில் உட்கார்ந்து பெரியண்ணன் கேட்டதையும் ஒரு சட்டமன்றம் சட்டமாக எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வாடிக்கையாளருக்கும் இதே உரிமை வேண்டும். பிஸ்கட்காரர் தன் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்கத் தொலைபேசி எடுக்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. தனக்குரிய பக்கத்தில் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், அடுத்தவர் சரக்கு அவர் கண்ணில் படாமல். ஆக நாங்கள் தேடியது ஒரு கணக்கை மூன்று பேர் பார்க்கக்கூடிய ஏற்பாடு. முதலாளி, சரக்குக்குச் சொந்தக்காரர், எடுத்து வைத்த ஆள். இந்த மூவரில் ஒருவருக்கு மறைவான மென்பொருளை வாங்கக் கூடாது என்று நான் மாமாவிடம் சொன்னேன். மாமா, “அப்படின்னா நானும் மறைக்க முடியாது இல்லையா?” என்றார். ஆமாம் மாமா, முடியாது.

மோசமான ஒரு நாள்

எந்த மென்பொருளும் விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரிச் சரக்கில் அழகாகத்தான் ஓடும். பத்துப் பொருள், பத்து இடம், எல்லாம் முழுப்பெட்டி. அதனால் மாமாவின் மகன் ஒரு வேலை செய்தான். போன சீனப் பெருநாளுக்கு முந்தைய வாரத்தில் அவர்களுக்கு நேர்ந்த மிக மோசமான ஒரு நாளை அப்படியே எடுத்தான். காலையில் வந்த 40 அடிக் கொள்கலனில் ஆறு வகைப் பெட்டிகள் கலந்து கிடந்தன, காகிதத்தில் நாலு வகைதான். சீட்டுக் கிழிந்த பெட்டிகள். மதியம் ஷோப்பி ஆர்டர்கள் ஒரே மூச்சாக வந்து விழுந்தன. நாலு மணிக்கு ஒரு வாடிக்கையாளர், லோரியில் ஏற்றியபின், பாதியை நிறுத்தச் சொன்னார். மாலையில் இரண்டு பெல்லட் திரும்பி வந்தது, ஒன்றில் பாதி நனைந்திருந்தது. “இந்த நாளை உங்கள் மென்பொருளில் ஓட்டிக் காட்டுங்கள்” என்று நாலு பேருக்கும் அனுப்பினோம்.

இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். அதில் ஒருவர் லோரியில் ஏற்றியதைத் திரும்ப இறக்கும் வழி தெரியாமல், பதிவையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். அழிக்க முடிகிற பதிவு பதிவே அல்ல. முப்பத்தெட்டுப் பெட்டி காணாமல் போனதே அப்படித்தானே. தவறான பதிவு அப்படியே நிற்க வேண்டும். திருத்தம் அதன் கீழே, பெயரோடும் நேரத்தோடும் ஏற வேண்டும்.

வேலையைத் திரையில் பார்த்தால் மட்டும் போதாது. ஸ்கேனரைக் கையில் எடுத்துக்கொண்டு கிடங்கின் கடைசி மூலைக்கு நடக்க வேண்டும். இரும்பு அடுக்குகளும் தண்ணீர்ப் போத்தல்களும் வைஃபை அலையைத் தடுத்துவிடும். அலுவலகத்தில் பறந்த ஸ்கேனர், தலை எண்ணெய் வரிசையில் செத்துப் போனது. இணைப்பு இல்லாதபோது ஸ்கேன் செய்ததைச் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்புமா என்பதைச் சிற்றேட்டில் படிக்காதீர்கள், மூலையில் நின்று பாருங்கள். ஆட்களில் நேப்பாளிகள், வங்காளதேசிகள் இருக்கிறார்கள். மலாய்த் திரை, பெரிய எழுத்து, தவறினால் வேறு ஒலி. கண்ணைவிடக் காது வேகமானது என்பது என் தொழில் அனுபவம். சரிக்கு ஒரு ஒலி, தவறுக்கு வேறு ஒலி இருந்தால் ஆள் திரையைப் பார்க்கவே வேண்டியதில்லை.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. மாதச் சந்தாவைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஸ்கேனர், சீட்டு அச்சடிக்கும் கருவி, வைஃபை, வாடிக்கையாளர் கணினியோடு இணைக்கும் கூலி, பயிற்சி, இன்னொரு வாடிக்கையாளர் சேர்ந்தால் மறுபடி கூலி என்று சின்ன எழுத்தில் இருப்பதைக் கூட்டிப் பார்த்தால்தான் உண்மை விலை. உலகப் பெயர்களான மேன்ஹாட்டன், எஸ்ஏபி, புளூ யோண்டர் எல்லாம் பெரிய யானைகள். கட்டிப் போட நம்மிடம் இடம் இல்லை. ஒடூ போன்ற திறந்த மூல மென்பொருள் இலவசம்தானே என்பார்கள். அடிப்படைப் பதிப்புக்கு உரிமக் கட்டணம் இல்லை, அதை நம் வேலைக்கு வளைக்கிறவருக்குச் சம்பளம் உண்டு. வாடிக்கையாளர் மூன்றே பேர், ஒரு சின்னக் கிடங்கு என்றால் இதில் எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் கட்சி. ஒழுங்கான எக்செல் தாள், ஒவ்வோர் இடத்துக்கும் எண், தினமும் ஒரு வரிசையை எண்ணும் பழக்கம். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் மென்பொருள் வந்தாலும் அந்தக் குழப்பம்தான், கொஞ்சம் வேகமாக.

ஒரே நாளில் மாறாதே

பிரிட்டனில் கேஎப்சி 2018 பிப்ரவரி 14-ஆம் தேதி தன் விநியோக வேலையைப் பழைய நிறுவனமான பிட்வெஸ்டிடம் இருந்து டிஎச்எல், கியூஎஸ்எல் என்ற இரண்டு நிறுவனங்களுக்கு மாற்றியது. இது முழுக்க முழுக்க 3பிஎல் கதை. புதிய ஏற்பாட்டில் ரக்பி நகரத்துக் கிடங்கு ஒன்றிலிருந்துதான் நாடு முழுக்கக் கோழி போக வேண்டும். முதல் நாளே பக்கத்து நெடுஞ்சாலையில் விபத்து, லோரிகள் நின்றன. பிறகு எது எங்கே நிற்கிறது என்ற குழப்பம் நாள் கணக்கில் ஓடியது. சுமார் 900 கடைகளில் பாதிக்கு மேல் மூடிக் கிடந்தன. கோழிக்கடையில் கோழி இல்லை. மார்ச் மாதத்திலேயே வடபகுதியின் 350 கடைகள் வரைக்கும் பழைய பிட்வெஸ்டிடமே திரும்பிப் போனார்கள். காரணம் மென்பொருள் ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆள், இடம், லோரி, கணினி எல்லாம் ஒரே நாளில் மாறியதால் எது உடைந்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் போனது.

மாமா பயந்தது இதற்குத்தான். அதனால் ஒப்பந்தத்தில் முதலில் ஒரு வாடிக்கையாளர், அவரிலும் சிக்கல் குறைந்த கார் உதிரிப்பாகக்காரர், என்று எழுதினோம். ஆறு வாரம் பழைய நோட்டும் புதிய ஸ்கேனரும் சேர்ந்தே ஓட வேண்டும். தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் முன்னால் எதையும் தொடங்கக் கூடாது.

மேகக் கணினி என்றால் எங்கோ இருக்கும் ஒருவருடைய கணினி. 2024 நவம்பரில் புளூ யோண்டர் நிறுவனத்தின் கணினிகளைப் பணம் பறிக்கும் கும்பல் முடக்கியபோது, பிரிட்டனின் மோரிசன்ஸ் பேரங்காடியில் காய்கறிக் கிடங்குகளின் மென்பொருள் நின்றது. மாற்று ஏற்பாட்டில்தான் சமாளித்தார்கள். மோரிசன்ஸ் எந்தத் தவறும் செய்யவில்லை. அதனால் மாமாவின் கிடங்கில் ஒவ்வொரு நாள் மாலையும் ‘எது எங்கே’ என்ற பட்டியல் தானாக இறக்கப்பட்டுக் கிடங்குக் கணினியில் சேர்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதை அச்சிட்டும் வைக்கிறார்கள். காகிதம் வீண் என்று மகன் முணுமுணுப்பான். முணுமுணுக்கட்டும்.

கையெழுத்துக்கு முன் கடைசியாக மல்லுக்கட்டியது பிரிவதைப் பற்றி. ஒப்பந்தம் முடிந்தால் நம் சரக்குப் பதிவுகள், பழைய திருத்தங்கள் உட்பட, நாம் படிக்கக்கூடிய வடிவில் திரும்ப வருமா, எத்தனை நாளில், எவ்வளவு கட்டணம்? கல்யாணத்துக்கு முன்னால் விவாகரத்துப் பேச்சு எதற்கு என்று விற்பனையாளர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. முப்பது நாள், கட்டணம் இல்லை என்று எழுதி வாங்கினார்.

தேர்ந்தெடுத்தது மோசமான நாளை அழிக்காமல் ஓட்டிக் காட்டிய நிறுவனத்தை. அது நாலில் அழகானது இல்லை. பலகையில் வண்ணம் குறைவு. ஆனால் அதில் ஒவ்வோர் இடத்துக்கும் எண்ணோடு இன்னொரு பெயரும் வைக்க முடியும். முதல் வாரம் பெரியண்ணன் ஒரு பெரிய அட்டையில் கிடங்கின் படத்தை வரைந்தார். எங்கே மழை ஒழுகும், எந்த அடுக்கின் கால் சாய்ந்திருக்கிறது, எங்கே கனமானதை வைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் குறித்தார். ஏ-03-2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘சாமி மூலை’ என்று ஏறியிருக்கிறது. சாமி படம் மாட்டியிருக்கும் தூணுக்குப் பக்கம். நேப்பாளத் தம்பிகளும் இப்போது அதைச் சாமி மூலை என்றுதான் சொல்கிறார்கள்.

உதிரிப்பாகக்காரர், பிறகு எண்ணெய்க்காரர், பிறகு ஷோப்பி தம்பதி என்று இதுவரை ஐந்து பேர் மாறியிருக்கிறார்கள். பிஸ்கட்காரர் இன்னும் மாறவில்லை. தன் பக்கத்தைத் திறந்து பார்க்கும் கடவுச்சொல்லைக் கொடுத்தாயிற்று. முதலில் ஒரு முழு எண்ணிக்கை எடுக்க வேண்டும், அதற்குத் தன் ஆளையும் அனுப்புவேன் என்கிறார். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்திருக்கிறார்கள். பெரியண்ணன் அன்றைக்கு லீவு வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டார்.